சம்பந்திக்கு நீட்டிய நாக்கு

— கதவைச் சாத்து செல்லி.

— சாத்திட்டேன். தாப்பாளும் போட்டாச்சு. கீழ போயி இன்னான்னு சொல்றது, அதைச் சொல்லுங்க.

— ஒண்ணும் சொல்ல வேணாம்.

— ஒண்ணும் சொல்ல வேணாமா? நம்ம பொண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக் கூடம். ரெண்டு வீட்டு ஜனமும் உட்கார்ந்துக்கினு இருக்குது. தாம்பூலத் தட்டைக் கையில வச்சிக்கினு சம்பந்தி மூஞ்சிக்கு நேரா நாக்கை நீட்டினீங்க. தட்டைக் கீழ போட்டீங்க. விடுவிடுன்னு மாடி ஏறி வந்து உட்கார்ந்துட்டீங்க. இதுக்கு ஒண்ணும் சொல்ல வேணாமா?

— தட்டை நான் போடல. காசிநாதன்தான் பயந்து கையை விட்டான்.

— அய்யே, அதுவா இப்ப முக்கியம்?

— முக்கியம்தான். தட்டை நழுவ விட்டது அவன். நம்ம பக்கம் அந்தத் தப்பு இல்ல. யாராவது கேட்டா அதை மட்டும் தெளிவா சொல்லு.

— யாரும் தட்டைப் பத்திக் கேக்கல. எல்லாரும் நாக்கைப் பத்தித்தான் கேக்கறாங்க.

— என்னா கேக்கறாங்க?

— சம்பந்தி தங்கச்சி அலமு இருக்குது இல்ல, அது கேக்குது, பொண்ணுக்கு அப்பா பெரிய மனுஷன்னு சொன்னாங்க, காளியம்மன் மாதிரி நாக்கைத் தள்றாரே, இவருக்கு அருள் வருமான்னு. ஐயரு பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கினு இருக்காரு. பல்லி விழுந்தா பலன் போட்டிருக்காம், காக்கா தலையில தட்டினா போட்டிருக்காம். நாக்குக்கு ஒண்ணும் போடலியாம். தேங்கா உருண்டு பெஞ்சுக்கு அடியில போச்சு. அதைத் தேடற சாக்குல எங்கண்ணன் குனிஞ்சுக்கினு சிரிக்குது.

— உங்கண்ணன் சிரிக்கத்தான் செய்வான். நம்ம பொண்ணு அனு?

— அழல. அழுதா மை கலைஞ்சிடும்னு அடக்கிக்கினு உட்கார்ந்திருக்குது. மாப்பிள்ளைப் பையன்தான் பக்கத்துல நின்னுக்கினு தண்ணி குடுக்குது. ராகுகாலம் வர்றதுக்குள்ள தட்டு மாத்திப் பத்திரிகை படிச்சாவணும். இல்லன்னா இன்னிக்கு நிச்சயம் நின்னுது. இன்னிக்கு நின்னா அப்புறம் நடக்காது. அது உங்களுக்கும் தெரியும்.

— தெரியும்.

— அப்ப எழுந்திருங்க. நேரா போயி நடந்ததைச் சொல்லிடலாம்.

— நடந்ததையா?

— ஆமா. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில ஒரு மிஷினு வச்சிருக்குது. அதுலருந்து ஒரு ஒயரு கழுத்து வழியா நாக்கு நரம்புக்குப் போவுது. ரிமோட்டை நெஞ்சு மேல வச்சு அமுக்கினா நாக்கு முன்னாடி வரும். இவரு வழக்கம் போல அதைச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினு வந்தாரு. கனமான தட்டுன்றதால நெஞ்சோட அணைச்சுப் புடிச்சாரு. விளிம்பு பட்டனை அமுக்கிடுச்சு. நாக்கு வந்துடுச்சு. அவ்ளோதான். இதைச் சொல்ல இன்னா கஷ்டம்?

— சொல்லக் கூடாது.

— ஏன்?

— கூடாதுன்னா கூடாது செல்லி.

— திருட்டு மிஷினா அது? டாக்டரம்மா வச்சது.

— குடும்பத்துக்குன்னு ஒரு கவுரவம் இருக்குது. பரசுராமன் கொறட்டைக்கு மிஷினு வச்சிக்கினு சுத்தறான்னு ஊரு சிரிக்கணுமா? எங்கப்பா பஞ்சாயத்துல எழுந்து நின்னா ஏனாத்தூரே அடங்கும்.

— எழுந்து நின்னா அடங்கும். படுத்தா? படுத்தா எங்க மாமியாரு பாயைச் சுருட்டிக்கினு மாட்டுக் கொட்டாய்க்குப் போயிடுவாங்க. மாடு பரவால்ல, சத்தம் இல்லாம மூச்சு விடுதுன்னு எங்கிட்டயே சொல்லியிருக்காங்க.

— செத்தவங்களை இழுக்காதே.

— அவங்க உசுரோட இருக்கும்போது சொன்னதுதான். பரம்பரைச் சொத்து உங்களுக்குச் சரியா வந்துது.

— அதான் சொல்றேன். இது பரம்பரை நோவுன்னு பேசுவாங்க. பொண்ணுக்கும் இருக்கும்னு பேசுவாங்க. நரம்புல கோளாறு உள்ள குடும்பம்னு முத்திரை குத்திடுவாங்க.

— இப்ப மட்டும் இன்னா முத்திரை குத்தியிருக்காங்க? மூளையில கோளாறுன்னு குத்தியிருக்காங்க. அதுக்கு நரம்பு பரவால்ல.

— நான் சொல்ல மாட்டேன்.

— பொய் சொல்லச் சொல்லலங்க. நிஜத்தைத்தான் சொல்லச் சொல்றேன்.

— அதனாலதான் சொல்ல மாட்டேன்றேன். என் வாயால நான் பொய் சொன்னதே கிடையாது. நீயே சொல்லு, சொல்லியிருக்கேனா?

— நீங்க சொல்லல. என்னைச் சொல்ல வச்சீங்க. ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போனப்ப, பக்கத்து வீட்டு அம்சவேணி திருப்பதிக்கான்னு கேட்டா. நான் ஆமான்னேன். நீங்க இல்லன்னு சொல்லல. வந்ததும் மொட்டை அடிச்சிக்கினு தலையைத் தடவிக்கினு வாசல்ல நின்னீங்க. நான் செவிலிமேடு முனையில இருக்கிற ஸ்வீட் கடையில லட்டு வாங்கி, பெருசா உருட்டி, தெரு பூரா பிரசாதம்னு குடுத்தேன். அந்தப் பாவம் யாருக்கு?

— லட்டு உன் யோசனை.

— தாடைக்குக் கீழ தழும்பு? காணும் பொங்கலுக்கு மாடு முட்டிச்சுன்னு ஊரே சொல்லுது.

— மாடு முட்டிச்சாப்பான்னு பங்காளி கேட்டான். நான் அவனைப் பார்த்தேன். அவ்ளோதான். நான் என்னா சொன்னேன்?

— அந்த மாடு எதிர்ல வந்தா இப்ப ஜனம் ஒதுங்கிப் போவுது. அது வாயில்லாத ஜீவன். ஒருத்தரைக் கூட முட்டினது இல்ல.

— மாட்டுக்கும் அது ஒரு கவுரவம்தான்.

— இந்தா பாருங்க. கொறட்டை மட்டும்னா நான் இந்த மிஷினுக்கே உங்களை இழுத்துக்கினு போயிருக்க மாட்டேன். காதுல பஞ்சை வச்சிக்கினு குடும்பம் நடத்தினவதான். நடுவுல மூச்சு நின்னுடும் இல்ல, அதுக்குத்தான் போனது. அது திரும்பி வர்ற வரைக்கும் நானும் மூச்சு விடாம உங்க பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு இன்னா, நீங்க தூங்கிக்கினு இருப்பீங்க.

— தெரியும் செல்லி.

— எப்படித் தெரியும்?

— மிஷினு வச்ச அப்புறம் நீ தூங்கற. நான் பார்த்தேன். அதுக்கு முன்னாடி நீ தூங்கி நான் பார்த்ததே இல்ல.

— இப்படிப் பேசி என்னைக் கவுக்கலாம்னு பாக்காதீங்க. இவ்ளோ நல்லது செஞ்ச மிஷினை களவாண்ட பொருளு மாதிரி ஏன் மறைக்கணும்?

— மறைக்கல. இன்னிக்கு வேணாம்னு சொல்றேன். வேற ஏதாவது யோசி.

— யோசிக்க இன்னா இருக்குது? அனுவும் கலைவாணனும் ஒரே காலேஜ்ல வேலை பாக்கறாங்க, அவங்களுக்கே புடிச்சிப்போச்சு. நல்ல பையன், நல்ல எடம். நீங்கதான் குதிச்சீங்க. பாத்திரக் கடை காசிநாதன் புள்ளையா, பள்ளிக்கூடத்துல கபடி ஆடும்போது என் காலை வாரினவன் ஆச்சே, அவன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு டீக்கடையில நின்னுக்கினு சொன்னீங்க.

— வாரினான். கோட்டைத் தொட்ட அப்புறம் வாரினான்.

— வாரட்டும். நீங்க சொன்னது அவரு காதுக்குப் போச்சு. அப்புறம் பொண்ணு சாப்பிடாம கெடந்துச்சு, நீங்க எறங்கி வந்தீங்க. இப்ப அவரு வீட்டுக்கே வந்து, அவரு மூஞ்சிக்கே நாக்கை நீட்டினா அவரு இன்னா நெனப்பாரு? வேணும்னே அசிங்கப்படுத்த வந்திருக்கான்னுதான் நெனப்பாரு. வேணும்னு செய்யல, மிஷினு செஞ்சதுன்னு சொன்னாத்தான் இந்தக் கல்யாணம் நடக்கும். வேற வழி இல்ல.

— கதவைத் தட்றாங்க பாரு.

— யாரு?

— நான்தான் காசிநாதன். தொறம்மா.

— வாங்கண்ணா. உட்காருங்க.

— உட்கார வரலம்மா. என் வீட்டுக் கூடத்துல என்னால நிக்க முடியல, அதான் ஏறி வந்தேன். ஒரே ஒரு கேள்வி, சரிதானா. சம்பந்தி, உங்களுக்கு இந்த எடம் புடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாம். வாய்க்குள்ள இருக்கிறதை எடுத்து வெளிய காட்ட வேணாம்.

— காசிநாதன், அதைப் பத்தி நான் ஒண்ணும் பேசறதா இல்ல.

— கேட்டியாம்மா? தொறக்கக் கூடாத நேரத்துல வாயைத் தொறந்தாரு. இப்பத் தொறங்கன்னா மாட்டேங்கறாரு.

— அவரு சொல்ல மாட்டாருண்ணா. ரோஷக்காரரு. நான் சொல்றேன்.

— செல்லி, வேணாம்.

— நீங்க சும்மா இருங்க. அண்ணா, அது இவரா நீட்டினது இல்ல. இவரு நாக்குக்கு ஒரு மிஷினு வச்சிருக்குது.

— எதுக்கு? பேசறதுக்கா?

— தூங்கறதுக்கு. இவருக்குத் தூக்கத்துல நாக்கு பின்னாடி போயி தொண்டையை அடைச்சிக்கும். மூச்சு நின்னுடும். அதுக்கு நெஞ்சுல சின்னப் பெட்டி வச்சு, நாக்கு நரம்புல ஒயரு மாட்டியிருக்காங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் நரம்பைத் தட்டி நாக்கை முன்னாடி தள்ளி விடும். படுக்கும்போது நான்தான் ரிமோட்டை வச்சு அமுக்குவேன். வேலை செய்யுதான்னு காட்ட நாக்கு ஒரு தபா வெளிய வந்துட்டுப் போவும். இன்னிக்கு ரிமோட்டு பாக்கெட்டுல இருந்துது. உங்க தட்டு அமுக்கிடுச்சு.

— நாக்குல கரண்டா?

— ஆமாண்ணா.

— ஷாக் அடிக்காதா?

— அடிக்காது. ரொம்பச் சின்னக் கரண்டு.

— காபி குடிச்சா?

— காபிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லண்ணா.

— யம்மா, நான் அப்பா காலத்துலருந்து கடை வச்சிருக்கேன். குண்டான் வித்தேன், குக்கர் வித்தேன், இப்ப இண்டக்ஷன் அடுப்பு விக்கறேன். நாக்கைத் தள்ற மிஷினு நான் கேள்விப்பட்டதே இல்ல. அதுவும் ரிமோட்டுல.

— சத்தியமாண்ணா.

— சத்தியம் எல்லாம் வேணாம். கடைக்கு மிக்சி வாங்க வந்தா நாங்க சத்தியமா பண்றோம்? ஒயரைச் சொருகிப் போட்டுக் காட்றோம், சரிதானா. போட்டுக் காட்டு.

— காசிநாதன், நான் மிக்சி இல்ல.

— இல்ல சம்பந்தி. மிக்சி யாரையும் பார்த்து நாக்கை நீட்டாது.

— ஏங்க, பொண்ணு கீழ உட்கார்ந்துக்கினு இருக்குது. அதுக்காக. ரிமோட்டை எடுங்க.

— உன் பையில பாரு.

— இந்தா இருக்குது. துண்டை லேசா ஒதுக்குங்க. முழுசா எடுக்க வேணாம், மடிப்பு கலைஞ்சிடும். அண்ணா, நல்லா பாருங்க. வைக்கிறேன். அமுக்கறேன்.

— ள்ளே.

— யப்பா.

— பார்த்தீங்களா?

— இரு இரு. ஜன்னல் பக்கமா திரும்பச் சொல்லு. இன்னொரு தபா.

— ள்ளே.

— டேய் பரசு, நிஜமாவே மிஷினுடா.

— டேய்ன்னு கூப்பிடாதே. தட்டு மாத்தற எடம்.

— இவ்ளோ நேரம் சம்பந்தின்னுதான கூப்பிட்டேன். நாக்கைப் பார்த்ததும் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துடுச்சு. யம்மா, நான் ஒரு தபா அமுக்கட்டுமா?

— காசி, அது கடைச் சாமான் இல்ல.

— ஒரே ஒரு தபா.

— ள்ளே.

— ஹா. கெட்டியான மிஷினு. சத்தமே இல்ல. நம்ம ஊரு சாமானா?

— போதும் குடுங்கண்ணா. அணைச்சு வைக்கணும். இல்லன்னா கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா வேலையை ஆரம்பிச்சிடும். அப்புறம் ஐயரு மந்திரம் சொல்லச் சொல்ல இவரு ஒவ்வொரு மூச்சுக்கும் நாக்கைக் காட்டிக்கினு இருப்பாரு.

— அய்யய்யோ, அணைச்சிடு. ஆனா ஒண்ணும்மா. கீழ வந்தப்ப இதைவிட நீளமா இருந்துச்சு.

— எது?

— நாக்குதான். தாடை வரைக்கும் வந்துது. கண்ணை வேற உருட்டினான். இப்ப நாக்கு வருது, கண்ணு சும்மா இருக்குதே.

— அது வந்துண்ணா, நான் பட்டனை மெதுவா அமுக்கறேன். உங்க தட்டு கனம். அழுத்தம் ஜாஸ்தியா விழுந்திருக்கும். கண்ணு பிதுங்கியிருக்கும்.

— அதுவும் சரிதான். கெட்டிப் பித்தளை. எங்க கடையிலயே அதுதான் ஒசத்தி. புள்ளை நிச்சயத்துக்குன்னு நானே தூக்கிப் பார்த்து எடுத்து வச்சேன். அப்ப தப்பு என் தட்டு மேல.

— நான் அப்படிச் சொல்லல காசி.

— நீ சொல்ல மாட்டே. உன் பெருந்தன்மை அது. நான் சொல்றேன், என் தட்டுதான். இன்னொண்ணும் சொல்லிடறேன் பரசு, மனசுல வச்சிக்க முடியல. தட்டை வாங்கும்போது நான் உன் காதுல ஒண்ணு சொன்னேன் இல்ல?

— சொன்னே.

— இன்னாண்ணா சொன்னீங்க?

— ஒண்ணும் இல்லம்மா, வெளையாட்டுக்குத்தான். வாசப்படி மிதிக்க மாட்டேன்னியே பரசு, செருப்பை எங்க கழட்டி விட்டே, பத்திரமா இருக்குதான்னு கேட்டேன். கேட்டு வாயை மூடல, இவன் நாக்கு வந்துடுச்சு. எனக்குப் பதில் சொல்றான்னே நெனச்சிட்டேன். கோவம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உள்ள உறுத்துது. பொண்ணைக் குடுக்க வந்து நிக்கறவன்கிட்ட, தாம்பூலத்து மேல கையை வச்சிக்கினு அந்தக் கேள்வி கேட்டிருக்கக் கூடாது. இவன் அதைச் சபையில எடுத்துச் சொல்லியிருந்தான்னா என் மானம் போயிருக்கும். நல்லவேளை, மிஷினு.

— நீ கேட்டிருக்க வேணாம்தான் காசி.

— வேணாம்தான். மன்னிச்சிக்கோ.

— நானும் டீக்கடையில அப்படிப் பேசியிருக்க வேணாம். விடு.

— கபடியில கோட்டைத் தொட்ட அப்புறம் வாரினேன்னு இன்னும் சொல்லிக்கினு இருக்கியாமே?

— அது நிஜம்.

— கோட்டுக்கு இந்தப் பக்கம்.

— அண்ணா, ராகுகாலம்.

— ஆமா ஆமா. நான் முன்னாடி போறேன். கீழ கொறட்டைன்னு சொல்ல மாட்டேன் பரசு, பயப்படாதே. இனிமே உன் மானம் என் மானம். நெஞ்சுக்கு மிஷினு வச்சிருக்குது, தட்டு கனத்துல அமுங்கிடுச்சுன்னு சொல்லிடறேன்.

— நெஞ்சு அமுங்கினா நாக்கு ஏன் வந்துதுன்னு அலமு அக்கா கேப்பாங்களே.

— ரெண்டுக்கும் ஒரே ஒயருன்னு சொல்றேன். அவளுக்கு அது போதும். கடையைத் தொறந்து லேசா ஒரு ஸ்டீல் தட்டு எடுத்தாறச் சொல்றேன். கவுரவக் குறைச்சல்னு நெனக்காதே.

— நெனக்கல.

— சீக்கிரம் வாங்க, சரிதானா.

— போறாரு பாருங்க, துள்ளிக்கினு. பார்த்தீங்களா? இவ்ளோதான் விஷயம். நிஜத்தைச் சொன்னோம், முடிஞ்சுது. இதுக்குப் போயி அவ்ளோ முரண்டு புடிச்சீங்க.

— முடிஞ்சுது இல்ல? வா போலாம்.

— இருங்க. துண்டு ஒரு பக்கமா தொங்குது. எடுங்க, ஒழுங்கா போட்டு விடறேன். இந்தத் தபா ரிமோட்டு எங்கிட்டயே இருக்கட்டும். பாக்கெட்டுல வைக்காதீங்க.

— சரி.

— நல்லவேளை சட்டை கசங்கல. அந்த டெய்லரை எத்தினி தபா நடக்க விட்டீங்க. தோள் சரியில்ல, கை சரியில்ல, பாக்கெட்டு வச்சா பட்டு இழுத்துக்கும், கவுரவமா இருக்காதுன்னு... ஏங்க.

— என்னா?

— இந்தச் சட்டைக்குப் பாக்கெட்டே இல்ல.

— துண்டைப் போடு செல்லி.

— காலையில கெளம்பும்போது வைக்க எடம் இல்லன்னு ரிமோட்டை எங்கிட்டதான குடுத்தீங்க. நான்தான வாங்கி என் பையில போட்டேன்.

— பாக்கெட்டுன்னு நானா சொன்னேன்? எல்லாம் நீதான சொன்னே.

— அப்ப அந்த நாக்கு?

— ரெண்டு கையிலயும் தட்டு செல்லி. வேற எதை நீட்டறது?